நுவன் பறக்கவிட்ட வலை

நுவனுக்கு ஏணியில் மூன்று படி ஏறினாலே தலை சுற்றும். எங்கள் ஊரில் எல்லோரையும்விட உயரத்தில் வேலை பார்க்கிறவள் அவள்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் ஊரான பான் ஹுவாய் கெங்கில் லாங்கான் பழத்தோப்பை நம்பாத குடும்பம் குறைவு. நுவனும் சின்ன வயதிலேயே தோப்பு வேலைக்கு வந்தவள்தான். மற்றவர்கள் ஏணி போட்டு ஏறிக் குலை குலையாகப் பழம் வெட்டுவார்கள். இவள் கீழே நின்று கூடையைப் பிடிப்பாள். மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு தெளிக்கிற வேலையும் இவள் தலையில்தான் விழும். மருந்து பட்டுப் பட்டுக் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து கிடக்கும். "ஏறத் தெரியாதவளுக்கு முழுக் கூலி எதுக்கு?" என்பான் மேஸ்திரி. இவள் அவனை முறைத்துவிட்டு அடுத்த தொட்டிக்கு மருந்து கலக்கப் போவாள்.

புருஷன் ரயோங் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தை வைத்துக்கொண்டான். நுவன் அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று ஊர் காத்திருந்தது. அவள் அவன் விட்டுப்போன பைக்கை விற்றாள். தன் பங்கு நிலத்தில் ஓரமாக ஒரு துண்டையும் விற்றாள். மருந்து தெளிக்கிற பெரிய ட்ரோன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள்.

சந்தையில் பன்றி இறைச்சி விற்கிறவள் கேட்டாள், "என்னடி இது, ஆறு இறக்கை வச்ச புருஷனா?"

"ஆமா. இது குடிக்காது. சொன்ன இடத்துல இறங்கும்," என்றாள் நுவன்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி, அகலத் தொப்பி, கையில் ரிமோட். தோப்பு முதலாளிகள் அவள் வரும் நாளுக்காகக் காத்துக்கிடந்தார்கள். பேரம் பேசுகிறவன் தோப்புக்குக் கடைசியாகத்தான் போவாள். எல்லாம் நன்றாக இருந்தது, ஒரே ஒரு கோளாறு தவிர. தப்பு தன்னுடையது என்று அவள் வாயிலிருந்து வராது. ஒருமுறை ஆள் மாறி யாருடைய தோப்புக்கோ மருந்தை அடித்துவிட்டு, "உங்க வேலி இருக்க வேண்டிய இடத்துல இல்ல" என்று அந்த ஆளிடமே சண்டைக்குப் போனாள். நான் கண்ணால் பார்த்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

மார்ச் மாதம் வந்தால் எங்கள் ஊரில் மலை காணாமல் போகும். புகை அப்படி. காட்டில் தீயைக் காளான் பொறுக்குகிறவன் வைத்தானா, வேட்டைக்காரன் வைத்தானா, சோளக்கொல்லையில் வைத்தது தாவியதா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். யார் வைத்தாலும் அணைக்கப் போகிறவர்கள் எங்கள் ஊர் ஆண்கள்தான். காய்ந்த சருகை இயந்திரத்தால் ஊதி ஒதுக்கி, முள்வாரியால் வாரி, மண் தெரிகிற மாதிரி தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். நான் புவா, அவர்களுக்குச் சோறு ஆக்குகிறவள். மலையடிவாரத்தில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் தகரக்கொட்டகை. அதுதான் எங்கள் முகாம். ஒட்டரிசிச் சோற்றை உருட்டி, சுட்ட பச்சைமிளகாய்த் துவையலும் அவித்த முட்டையும் வைத்துப் பொட்டலம் கட்டுவேன். முன்பெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் அரைநாள் ஏற வேண்டும். போய்ச் சேரும்போது சோறு கல்லாகியிருக்கும். நுவன் தன் பெரிய ட்ரோனில் கயிற்றைக் கட்டிப் பொட்டல மூட்டையைத் தொங்கவிட்டு அனுப்ப ஆரம்பித்த பிறகு, மலை முகட்டில் நிற்கிறவன் சூடு ஆறாமல் சாப்பிட்டான். என் சமையலைக் குறை சொல்வதற்கு அவர்களுக்கு இருந்த ஒரே சாக்கும் போனது.

வட்டார அலுவலகம் அவளிடம் சின்ன ட்ரோன் ஒன்றையும் கொடுத்தது. அதற்கு வெப்பத்தைப் பார்க்கிற கண் உண்டு. புகைக்குள் மனிதன் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவான், நெருப்பும் வெள்ளையாகத் தெரியும். கூடவே ஒரு ஒலிபெருக்கி. காட்டில் தீ வைப்பது குற்றம் என்று அலுவலர் பிசித்தின் குரல் அதில் பதிவாகி இருந்தது. அது பறந்தால் ஊர் நாயெல்லாம் குரைக்கும். நுவனுக்கு அந்தக் குரல் பிடிக்காது. அவளே பொத்தானை அழுத்திப் பேசுவாள். "சோம்பெத், சருகு மேல உக்காந்துக்கிட்டு சிகரெட்டா? மேல இருந்து நல்லாத் தெரியுது, அணை!" என்று வானத்திலிருந்து குரல் வரும். சோம்பெத் அணைப்பான். பெண்டாட்டி சொல்லிக் கேட்காதவன் அவன்.

தீயணைப்புக் குழுவுக்கு முன்னால் நடக்கிறவன் கம்பான். வயது நாற்பத்தைந்து இருக்கும். தோய் பா சாங் மலையில் அவன் கால் படாத பாறை இல்லை. வாய் ஓயாதவன். வாக்கி-டாக்கியைக் கொடுத்தால் தகவல் சொல்வது பாதி, பாட்டு பாதி. நுவனை மகராணி என்றுதான் கூப்பிடுவான்.

"மகராணி, கீழ நிழல்ல உக்காந்து தீயை அணைக்கிறீங்களா? இங்க எங்களுக்கு மீசை கருகுது."

"உங்களுக்கு ஏது அண்ணே மீசை?" என்பாள் இவள்.

அவன் மனைவி சேங் முகாமில் எனக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வருவாள். புருஷன் பாடுவதை முகாமில் இருக்கிற வாக்கி-டாக்கி ரேடியோவில் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். "வீட்லயும் இதே கச்சேரிதான் புவாக்கா, தூங்க விடறதில்ல" என்று அலுத்துக்கொள்வாள். அலுப்பு மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. எதிர்ப்பக்கம் எரிந்துகொண்டிருந்த நெருப்பு முகட்டைத் தாண்டிக் குழுவைப் பார்த்து வந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பாதி வழியில்தான், சருகு ஊதுகிற இயந்திரம் ஒன்று மேலேயே நின்றுவிட்டது தெரிந்தது. அதை எடுக்கக் கம்பான் மட்டும் திரும்பி ஏறினான். போகாதே என்று நாலு பேர் கத்தினார்கள். அவன் கேட்கிற ஆளா? இயந்திரத்தை எடுத்துத் தோளில் மாட்டும்போது புகை அவனை மூடிக்கொண்டது. முகாமில் ரேடியோவைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். நுவன் கொட்டகைக்கு வெளியே திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"மகராணி, ஒண்ணுமே தெரியல. கண்ணு எரியுது. எந்தப் பக்கம்?"

"அண்ணே, இடது பக்கம். இடது பக்கம் புகை இல்ல, வழி இருக்கு. அப்படியே போங்க."

"இடது. சரி, போறேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிற சத்தம். அப்புறம் நுவன், "அந்தப் பக்கம் இல்ல! அண்ணே, நில்லுங்க!" என்று கத்தினாள். கல் உருளும் சத்தம் வந்தது. கம்பானின் அலறல் வந்தது. பிறகு ரேடியோ செத்துப்போனது.

நடந்தது என்ன என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. ஆனால் ஒளித்து வைத்துக் கதை சொல்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கம்பானுக்கு வழி தேடுவதற்காக நுவன் ட்ரோனை அவனுக்கு முன்னால் பறக்கவிட்டிருந்தாள். பிறகு அவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்க அதன் முகத்தை அவனை நோக்கித் திருப்பினாள். ட்ரோனும் அவனும் எதிரெதிரே. திரையில் வழி இடது பக்கம் தெரிந்தது, அவள் இடது என்று சொன்னாள். எதிரே நிற்கிறவனுக்கு அது வலது. ட்ரோன் ஓட்டப் பழகுகிற முதல் நாள் முதல் பாடமே இதுதானாம். கம்பான் சொன்ன சொல் தட்டாமல் தன் இடது பக்கம் நடந்தான். அங்கே பாறை முடிந்துவிட்டது. வெள்ளைப் புள்ளி திரையில் வலது பக்கம் நகர ஆரம்பித்த உடனேயே நுவனுக்கு விளங்கிவிட்டது. கத்தினாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

விழுந்தவனைக் கண்டுபிடித்ததும் அவள்தான். செங்குத்துப் பாறையின் நடுவே நீட்டிக்கொண்டிருந்த ஒரு திட்டில் அவன் சுருண்டு கிடப்பதை வெப்பக் கண்ணால் பார்த்து, பேட்டரி மாற்ற மட்டும் இறக்கி, மறுபடி மறுபடி அந்த இடத்துக்கு மேலேயே ட்ரோனை நிறுத்தி வைத்திருந்தாள். நெருப்பு தாண்டிப் போன பிறகு கயிறு கட்டி இறங்கி அவனைத் தூக்கினார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. சேங், நுவனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நுவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

மறுநாளே நெருப்பு திரும்பி வந்து அந்தச் சரிவு முழுவதையும் தின்றது. எரிந்த மரங்கள் சாய்ந்துகொண்டும் பாறைகள் கழன்று உருண்டுகொண்டும் இருந்ததால், வனத்துறைக்காரர்கள் பாதையை அடைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் எலும்பைக் கட்டி, தலையைப் படம் எடுத்து, ஒரு குறையும் இல்லை என்று கம்பானை வீட்டுக்கு அனுப்பினார்கள். குறை இல்லாதவன் பேசவில்லை. ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொள்வான். முற்றத்து மூங்கில் கட்டிலில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பான். கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். அந்த வாய் ஓய்ந்துபோன வீட்டில் நுழைவதற்கே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இந்த நேரம் பார்த்து அலுவலர் பிசித் கோயில் மண்டபத்தில் தீயணைப்புத் தொண்டர்களுக்குப் பயிற்சி வைத்தார். சின்ன ட்ரோன் எடுத்திருந்த படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். ஒலியும் இருந்தது.

"நல்லாப் பாருங்க. பைலட் என்ன சொல்றாங்க? இடது. இவரு எங்க போறாரு? வலது. பதட்டப்பட்டா இதான் கதி. சொல்றதைக் காதுல வாங்கணும்."

எல்லோரும் பார்த்தோம். நுவனின் குரல் இடது என்றது. வெள்ளைப் புள்ளி வலது பக்கம் போனது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நானும்தான் பார்த்தேன், நானும்தான் தலையாட்டினேன். மண்டபத்தில் இருந்த அத்தனை தலைகளில் ஒன்றுக்காவது உறைத்திருக்கலாம். உறைக்கவில்லை.

"மலைக்கே வழி காட்டுற ஆளு, இடது கை எதுன்னு தெரியலையே!" என்றான் ஒருவன்.

"அடுத்த தடவை இடது கையில சிவப்புக் கயிறு கட்டி அனுப்புங்க," என்றான் சோம்பெத். மண்டபமே சிரித்தது.

பிசித், நுவனை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். கை தட்டினோம். அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். மண்டபத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மழைக்கு இன்னும் நாள் இருந்தது, நெருப்பு இருந்தது. புகைக்குள் நிற்கிறவன் அவள் வார்த்தையை நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறான். இவளுக்கே இடது வலது தெரியாது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், நாளைக்கு யார் நம்புவான்? நம்பாமல் இரண்டு பேர் விழுந்தால்? இப்படியெல்லாம் யோசித்ததாக அவள் எனக்குப் பிறகு சொன்னாள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, ஏணி ஏறத் தெரியாதவள் என்று கேலி பேசிய ஊர் முன்னால் மறுபடியும் தலைகுனிய அவளுக்கு மனம் வரவில்லை. அதையும் அவளே சொன்னாள்.

அன்று மாலை சோம்பெத் பழம் வாங்கிக்கொண்டு கம்பானைப் பார்க்கப் போனான். கெட்டவன் இல்லை, சிரிக்க வைத்தால் பேசிவிடுவான் என்று நினைத்தானாம். "அண்ணே, சோறு திங்கிற கை எதுன்னு காட்டுங்க பாப்போம்" என்று கேட்டிருக்கிறான். மண்டபத்தில் காட்டிய படத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறான். கம்பான் தன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தானாம். அதற்குப் பிறகு தலையாட்டுவதும் நின்றுபோனது.

சேங் தினமும் காலையில் நுவன் வீட்டுக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுத்தாள். புருஷனைத் தேடிக் கொடுத்தவளுக்கு ஏழை வீட்டில் வேறு என்ன கொடுக்க முடியும்? நுவன் அந்த முட்டைகளை அப்படியே முகாமுக்குக் கொண்டுவந்து என் கூடையில் வைப்பாள்.

"உனக்கு வேண்டாமாடி?"

"எனக்கு முட்டை ஒத்துக்கல அக்கா."

நேற்றுவரை ஒத்துக்கொண்ட முட்டை இன்றைக்கு எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பொட்டலம் கட்டுகிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

நாளாக ஆகக் கம்பான் இளைத்துக்கொண்டே வந்தான். இது எலும்பு நோய் அல்ல, குவான் விழுந்த நோய் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உடம்பின் முப்பத்திரண்டு உறுப்பிலும் குடியிருக்கிற அந்த உயிர்த்துணை, பெரிய பயம் வந்தால் பயந்த இடத்திலேயே விழுந்துவிடும். ஆள் வீட்டுக்கு வந்தாலும் அது வராது. மீன் அள்ளுகிற கைவலையோடு அதே இடத்துக்குப் போய், சோறும் முட்டையும் வாழைப்பழமும் காட்டிக் கூப்பிட்டு, அதை அள்ளிக்கொண்டு வர வேண்டும். பைக்கிலிருந்து விழுந்தவனுக்குச் சாலை வளைவில் அள்ளியிருக்கிறோம், கிணற்றில் விழுந்தவனுக்குக் கிணற்றில். கம்பான் விழுந்ததோ செங்குத்துப் பாறையில். பாதையும் அடைத்துக் கிடக்கிறது.

சேங் நேராக முகாமுக்கு வந்து நுவன் முன்னால் நின்றாள். கையில் வலை.

"நுவன், இதை நீதான் கொண்டுபோகணும்."

"அண்ணி, அது மருந்து அடிக்கிற மிஷின்."

"சோறு தூக்குதுல்ல? வலையும் தூக்கும்."

"காத்து அதிகம். பாறைக்குப் பக்கத்துல போனா அடிச்சுடும். அலுவலகத்துல வேற கேக்கணும்..."

"நீதானே அவரைக் கண்டுபிடிச்ச? பாதி ஆளைத்தான் கொண்டுவந்து குடுத்திருக்க. மீதி ஆளு அங்கயே உக்காந்திருக்கு. வேற யாரு கிட்ட நான் போய்க் கேக்கறது?"

நுவன் என்னைப் பார்த்தாள். வலையை அவள் கையில் வாங்கிக்கொண்டதைப் பார்த்தேன். வாங்கியதும் சூடு பட்டவள் மாதிரி அதைக் கீழே வைத்தாள். உயரத்தை நினைத்துப் பயப்படுகிறாள் என்றுகூட எனக்குத் தோன்றியது; அவ்வளவுதான் என் புத்தி.

நல்ல நாள் பார்த்துச் சொன்னவர் ஆசான் தா. கோயில் சடங்குகளுக்கு மந்திரம் சொல்கிற கிழவர், மேல்வரிசையில் பல் இல்லை. கூப்பிடுகிற குரல் அந்த இடத்தில் கேட்க வேண்டுமே என்பதற்காக, சின்ன ட்ரோனின் ஒலிபெருக்கியைக் கழற்றிப் பெரியதின் காலில் கட்டினாள் நுவன். நீளக் கயிற்றில் வலை. வலைக்குள் என் கையால் உருட்டிய ஒட்டரிசிச் சோறு, அவித்த முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம், கம்பானின் நீலத் தொண்டர் சட்டை. அவளும் ஆசானும் தண்ணீர்த்தொட்டி மேட்டில் நின்றார்கள். முள்வாரிகளோடு ஆண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் ரேடியோவை எடுத்துக்கொண்டு சேங் வீட்டுக்குப் போனேன். அவள் வீடு மலைக்கு நேர் கீழே. குவான் வந்தவுடன் மணிக்கட்டில் கட்டுவதற்கு வெள்ளை நூலோடு அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பான் வழக்கம்போல மலையைப் பார்த்தான்.

ட்ரோன் கிளம்பி வலையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே போனது. பாறைக்குப் பக்கத்தில் தள்ளாடியது. பிறகு நின்றது. மலையிலிருந்து ஆசானின் குரல் இறங்கி வந்தது.

"வா குவானே, வா! கம்பானின் முப்பத்திரண்டு குவான்களே, வாங்க! பாறையில இருந்தா பாறையை விட்டு வா. புகையில இருந்தா புகையை விட்டு வா. சோறு இருக்கு, முட்டை இருக்கு, சேங் காத்துக்கிட்டு இருக்கா..."

ஆசானின் குரல் அங்கே நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தியபடியே அவர் நுவனிடம் பேசியதும் ஊர் முழுக்கக் கேட்டது. "ஏம்மா, இவன் எந்தப் பக்கம் திரும்பி விழுந்தான்? வழியைச் சரியாச் சொல்லணும். தப்பாச் சொன்னா அது அங்கயே சுத்திக்கிட்டுக் கிடக்கும்."

"வலது பக்கம் ஆசானே! ஊருக்கே தெரியுமே!" என்று சோம்பெத்தின் குரலும் சிரிப்பும் கேட்டது.

"சரி. வலது பக்கம் போன குவானே, இடது பக்கமா..."

"இல்ல ஆசானே." இது நுவனின் குரல். "குடுங்க. நான் சொல்றேன்."

பொத்தான் கை மாறுகிற கரகரப்பு கேட்டது.

"கம்பான் அண்ணே," என்றாள் மலையிலிருந்து. "நீங்க இடது பக்கம்தான் திரும்பினீங்க. நான் சொன்னபடிதான் போனீங்க. தப்பு என்னோடது. ட்ரோன் உங்களைப் பாத்து நின்னுச்சு. எனக்கு இடதுன்னா உங்களுக்கு வலது. மாத்திச் சொல்லிட்டேன். அப்பவே தெரியும். மண்டபத்துல படம் போட்டப்பவும் தெரியும். பேசாம உக்காந்திருந்தேன். நீங்க பதட்டப்படல அண்ணே, நான்தான். இப்பச் சரியாச் சொல்றேன். வலது பக்கமா வாங்க. வலது பக்கம் வழி இருக்கு. வாங்க அண்ணே."

கோயில் மண்டபத்தில் நான் தட்டிய கைதட்டல் ஞாபகம் வந்து முகம் சுட்டது. முற்றத்துக்கு வெளியே தெருவில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனிதர்கள் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் மறைத்துவிடலாம் என்று அவள் நினைத்திருக்கலாம். பாறையில் உட்கார்ந்து வழி தெரியாமல் தவிக்கிற ஒன்றிடம் இன்னொரு முறை தப்பான பக்கத்தைச் சொல்ல அவளால் முடியவில்லை.

சேங் கையிலிருந்த நூலைப் பார்த்தாள்.

"தினமும் முட்டை குடுத்தேனே புவாக்கா," என்றாள் மெதுவாக. கோபமா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்துபோய்விடுவாளோ என்று பயந்தேன்.

மேலே நுவன் நிறுத்தவில்லை. "வலது பக்கமா வாங்க அண்ணே. வலது பக்கம். நான் பாத்துக்கிட்டே இருக்கேன், வாங்க." குரல் உடைந்து உடைந்து வந்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும், அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"எந்த வலது?"

கேட்டது யார் என்று திரும்பிப் பார்த்தேன். கம்பான். தொண்டை துருப்பிடித்த மாதிரி இருந்தது குரல். மலையை விட்டுக் கண்ணை எடுத்து, மனைவியைப் பார்த்தான்.

"எந்த வலதுன்னு கேளு. அவ வலதா, என் வலதா?"

சேங் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ரேடியோவை நான் அழுத்தப் போனேன். அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் ட்ரோனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நுவன்."

மலையில் குரல் நின்றது. பிறகு ரேடியோவில் பதில் வந்தது. "அண்ணி."

"எந்த வலதுன்னு கேக்குறாரு."

"யாரு?"

"யாரு கேப்பாங்க? அவருதான். உன் வலதா, அவரு வலதான்னு கேக்குறாரு. இந்தத் தடவையாவது ஒழுங்காச் சொல்லு."

ரேடியோவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"அவரு வலது," என்றாள் நுவன். "அவரோட வலதுன்னு சொல்லுங்க அண்ணி."

"உங்க வலதாம்," என்றாள் சேங்.

கம்பான் கட்டிலிலிருந்து எழுந்தான். கட்டுப் போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளாடினான். வலது பக்கம் திரும்பி, அடுப்படியைப் பார்த்து நடந்தான்.